லாரிக்கு எலெக்ட்ரிக் ஃபேன் மாட்டுகிறீர்களா?

ரேடியேட்டரைக் குளிர வைக்க இன்ஜினோடு சேர்ந்து சுற்றும் ஃபேன், தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் கொஞ்சம் சக்தியைத் தின்றுகொண்டே இருக்கும். வேகமாக ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர வைத்துவிடும். எலெக்ட்ரிக் ஃபேன் சூடு ஏறினால் மட்டும் சுற்றும், லாபம் அங்கேதான்.

ரேடியேட்டருக்குப் பின்னால் நின்று காற்றை இழுக்கும் வகையே நல்லது. ஃபேனைச் சுற்றி ஷ்ரவுட், அதாவது ரேடியேட்டர் முழுவதிலிருந்தும் காற்றை ஃபேனுக்குக் கொண்டுவரும் மூடி, கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால் ஃபேனுக்கு நேராக உள்ள பகுதி மட்டும்தான் குளிரும். ரேடியேட்டர் தகடுகளுக்குள் பிளாஸ்டிக் கட்டுகளை நுழைத்து மாட்டுவதை மட்டும் செய்யாதீர்கள். அதிர்வில் உராய்ந்து ஒருநாள் ஓட்டை விழும்.

வயரிங்கில்தான் பலர் சறுக்குகிறார்கள். சுவிட்ச் வழியாக நேரடியாகக் கரண்ட் கொடுக்கக் கூடாது. தடிமனான வயர், ரிலே (சிறிய கரண்ட்டால் பெரிய கரண்ட்டைத் திறந்து மூடும் சுவிட்ச்), பேட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸ், இவை மூன்றும் வேண்டும். வண்டி 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்று பார்த்து வாங்குங்கள். வண்டிக்குக் கரண்ட் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர் இந்த ஃபேனையும் தாங்குமா என்பதையும் பாருங்கள். தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடானதும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) 82 டிகிரியில் திறந்தால், ஃபேன் 90-95 டிகிரியில் ஓடத் தொடங்கட்டும். இரண்டையும் ஒரே அளவில் வைத்தால் ஃபேன் ஓயவே ஓயாது.

அப்புறம் ஒன்று: எப்போதும் முழு பாரத்தோடு மலை ஏறும் வண்டி என்றால், இன்ஜினோடு கிளட்ச் வழியாகச் சேர்ந்து சுற்றும் பழைய கிளட்ச் ஃபேனைக் கழற்றாமல் இருப்பதே என் யோசனை.