ஃப்ராக்மென்ட்ஸ்மாக்: பழைய லினக்ஸ் சர்வரில் இந்த ஓட்டையை அடைப்பது எப்படி

பழைய கெர்னலில் (லினக்ஸின் மையப் பகுதி) இன்னும் சர்வர் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் இதைக் கட்டாயம் பாருங்கள். ஃப்ராக்மென்ட்ஸ்மாக் 2018 ஆகஸ்டில் வெளியே தெரிந்த பாதுகாப்பு ஓட்டை, பாதுகாப்புக் குறைகளின் பொதுப் பட்டியலில் அதன் எண் சிவிஇ-2018-5391.

பெரிய ஐபி பாக்கெட் துண்டு துண்டாக வந்தால், எல்லாத் துண்டும் வந்து சேரும்வரை கெர்னல் வந்ததை நினைவகத்தில் வைத்துக் காத்திருக்கும், வழக்கமாக 30 நொடி. தாக்குபவர் குட்டிக்குட்டித் துண்டுகளைத் தாறுமாறாக அனுப்பி, பாக்கெட்டை மட்டும் முடிக்கவே மாட்டார். புதிதாக வரும் ஒவ்வொரு துண்டையும் எங்கே செருகுவது என்று கெர்னல் வரிசை நெடுகத் தேட, சிபியு அதிலேயே மூழ்கிவிடும். 3.9 கெர்னலில், காத்திருக்கும் துண்டுகளுக்கான நினைவக வரம்பை 256 கேபியிலிருந்து 4 எம்பிக்கு உயர்த்தினார்கள், அதனால் வரிசையும் நீண்டது, தேடலும் நீண்டது.

முதலில், எது எவ்வளவு சிபியு எடுக்கிறது என்று காட்டும் டாப் கட்டளையை ஓட்டுங்கள். நெட்வொர்க் வேலையைக் கவனிக்கும் கெர்னல் த்ரெட்டான கேசாஃப்ட்ஐஆர்க்யூடி 100 சதவீதத்தைத் தொட்டு நின்றால் சந்தேகப்படலாம். அப்புறம் ப்ராக் அடியில் நெட் அடைவிலுள்ள சாக்ஸ்டாட் கோப்பைத் திறந்து 'ஃப்ராக்' வரியைப் பாருங்கள்: சும்மா இருக்கும் சர்வரில் பெரும்பாலும் இன்யூஸ் 0, மெமரி 0 என்றுதான் இருக்கும், அந்த மெமரி எண் ஏறிப்போய் இறங்காமல் நின்றால் துண்டுகள் குவிகின்றன என்று அர்த்தம்.

சரியான தீர்வு கெர்னல் அப்டேட், ரீபூட். பதிப்பு எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள், டிஸ்ட்ரோக்கள் (லினக்ஸைத் தொகுத்து வெளியிடுபவர்கள்) பழைய எண்ணிலேயே திருத்தத்தைச் சேர்த்திருப்பார்கள், பாக்கேஜின் சேஞ்ச்லாகில் (மாற்றங்களின் பட்டியல்) சிவிஇ எண்ணைத் தேடுங்கள்.

இப்போதைக்கு ரீபூட் முடியாதென்றால், கெர்னல் அமைப்புகளை ஓடும்போதே மாற்றும் சிஸ்கன்ட்ரோலில் அந்த நினைவக வரம்பைப் பழைய அளவுக்கே இறக்குங்கள். முதலில் கீழ்வரம்பான ஐபிஃப்ராக்_லோ_திரெஷ் 196608 பைட், அதன் பிறகுதான் மேல்வரம்பான ஐபிஃப்ராக்_ஹை_திரெஷ் 262144 பைட். முன்பின்னாக மாற்றினால், மேல்வரம்பு கீழ்வரம்புக்குக் கீழே போகிறது என்று பல கெர்னல்கள் மதிப்பை ஏற்காமல் பிழை காட்டும். ஐபிவி6-க்குத் தனி அமைப்பு, அதையும் மாற்றுங்கள், பலர் விட்டுவிடுவது இதைத்தான். கன்டெய்னர்கள் ஓடினால் ஒவ்வொன்றின் நெட்வொர்க் நேம்ஸ்பேஸுக்குள்ளும் (அதற்கென்று தனியாகப் பிரித்த நெட்வொர்க் அமைப்பு) போய்ப் பாருங்கள், ஹோஸ்டில் மாற்றியது ஏற்கெனவே ஓடும் கன்டெய்னருக்குப் போகாது.

இதற்கு ஒரு விலை உண்டு. யூடிபி வழியாக என்எஃப்எஸ் (நெட்வொர்க்கில் கோப்புப் பகிர்வு) ஓட்டுபவர்களுக்கும், பெரிய டிஎன்எஸ் பதில்கள் வரும் இடங்களிலும் நல்ல துண்டுகளே விழுந்துபோகலாம். அதனால் புது கெர்னலில் ஏறியதும் இந்த வரிகளை சிஸ்கன்ட்ரோல் கோப்பிலிருந்து மறக்காமல் எடுத்துவிடுங்கள்.