எடைக்கு விற்காமல் காத்த பதக்கங்கள்

கொள்ளுத்தாத்தாவின் முதல் உலகப் போர்ப் பதக்கங்கள் இரண்டை விற்க வேண்டியிருந்தது. வெள்ளிக்கடையில் எடைபோட்டு விலை சொன்னார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. இவற்றின் மதிப்பு எடையில் இல்லை, விளிம்பில் இருக்கிறது.

அந்தப் போரின் பதக்க விளிம்பில் வீரரின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு பொறிக்கப்பட்டிருக்கும். (இரண்டாம் போரின் நட்சத்திரப் பதக்கங்கள் பல பெயரில்லாமலே வந்தவை, அவற்றுக்குப் படைச்சேவைத் தாள்தான் சாட்சி.) உருப்பெருக்கியை வைத்துச் சாய்ந்த வெளிச்சத்தில் படித்தேன். வெள்ளியில் ஒன்று, வெண்கலத்தில் வெற்றிப் பதக்கம். இரண்டிலும் அவர் பெயர், மதராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படையின் சுருக்கெழுத்து. ஒரே பெயரிலுள்ள இணையைப் பிரிக்கவே கூடாது. கறுத்திருக்கிறதே என்று புளி போட்டுத் தேய்ப்பதும் கூடாது. எழுத்து தேய்ந்தால் அடையாளமே போய்விடும். ரிப்பனையும் பழைய உறையையும் உடன் வைத்தேன்.

இதுபோன்ற பதக்கங்களை விற்பவர்கள் கேட்கும் விலையை நான் பொருட்படுத்தவில்லை. அதே படைப்பிரிவின் பதக்கங்கள் ஏலத்தில் உண்மையில் போன விலைகளைத்தான் ஒப்பிட்டேன். வெளிநாட்டிலிருந்து ஒருவர் கேட்டார், மறுத்துவிட்டேன். நூறாண்டு கடந்த வரலாற்றுப் பொருள்களைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் இடம் தருவதில்லை. உள்நாட்டிலேயே, உரிமம் பெற்ற வணிகரிடம் இணையாகவே கொடுத்தேன்.