பனிப்போர் வரலாற்றைப் படிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் நேரடியாகப் போர் தொடுத்துக்கொள்ளவில்லை என்பதால், இவ்விரு வல்லரசுகளும் பனிப்போர் என்னும் மறைமுகப் போட்டியில் ஈடுபட்டிருந்த, 1945க்குப் பிந்தைய நாற்பத்தைந்து ஆண்டுகளை நீண்ட அமைதிக் காலம் என்று எழுதுவதுதான் முதல் தவறு. இறந்தவர்களுக்கு இழைக்கும் அநீதியும் அதுவே. கொரியாவில் 1950 முதல் 1953 வரை மக்கள் லட்சக்கணக்கில் மாண்டனர். லாவோஸ் நடுநிலை நாடாகவே இருக்கும் என்று 1962இல் ஜெனீவாவில் இரு வல்லரசுகளும் கையெழுத்திட்டன. ஆனால் 1964க்கும் 1973க்கும் இடையில் அதே நாட்டின் மீது அமெரிக்க விமானங்கள் இருபது லட்சம் டன்னுக்கும் மேலான குண்டுகளை வீசின. அவற்றுள் வெடிக்காமல் மண்ணில் புதைந்துபோன கொத்துக் குண்டுகள், போர் முடிந்த பின்பு பிறந்த குழந்தைகளையும் நிலத்தைக் கொத்திய உழவர்களையும் கொன்றிருக்கின்றன. 2016இல் அங்கு சென்ற அதிபர் ஒபாமா, அவற்றை அகற்றும் பணிக்கு மூன்று ஆண்டுகளில் 9 கோடி டாலர் தருவதாக அறிவித்தார்.

சிறிய நாடுகளைப் பிறர் நகர்த்திய சதுரங்கக் காய்களாக மட்டும் பார்ப்பது அடுத்த தவறு. தென் கொரியா மீது படையெடுக்கச் சோவியத் தலைவர் ஸ்டாலினிடம் திரும்பத் திரும்ப அனுமதி கேட்டவர் வட கொரியத் தலைவர் கிம் இல் சுங். ஸ்டாலின் 1950இல்தான் அதற்கு இசைந்தார். மாஸ்கோவின் நண்பராக இருந்த சோமாலியாவின் அதிபர் சியாத் பர்ரே, 1977இல் எத்தியோப்பியாவின் ஒகாடென் பகுதிக்குள் படையை அனுப்பினார். மாஸ்கோ எத்தியோப்பியாவின் பக்கம் சாய்ந்ததும், சோவியத் ஆலோசகர்களை வெளியேற்றிவிட்டு அமெரிக்காவை நாடினார்.

சித்தாந்தமே எல்லாவற்றையும் தீர்மானித்தது என்று நம்புவோர் அங்கோலாவைக் கூர்ந்து பார்க்க வேண்டும். 1975இல் போர்ச்சுகலிடமிருந்து விடுதலை பெற்ற அந்நாட்டில், மார்க்சியம் பேசிய எம்.பி.எல்.ஏ. என்னும் விடுதலை இயக்கத்தின் அரசைச் சோவியத் ஆயுதங்களும் கியூபப் படையினரும் தாங்கி நிற்க, அதை எதிர்த்துப் போரிட்ட சவிம்பியின் யுனிட்டா இயக்கத்துக்கு அமெரிக்காவும் நிறவெறித் தென்னாப்பிரிக்காவும் துணை நின்றன. ஆனாலும் அந்த மார்க்சிய அரசுக்குப் பெரும் வருவாய் ஈட்டித் தந்தது, அங்கோலாவின் கபிண்டா பகுதியில் எண்ணெய் எடுத்த கல்ஃப் ஆயில் என்னும் அமெரிக்க நிறுவனம். அந்த எண்ணெய் நிலையங்களைக் காத்தவர்களோ கியூப வீரர்கள். ஒரு காலத்தில் மாவோவின் சீனாவிடம் உதவி பெற்ற சவிம்பியை 1986இல் ரீகன் வெள்ளை மாளிகையில் வரவேற்றார். பொதுவுடைமை நாடுகளை ஒரே அணியாக எண்ணுவதும் இதே பிழையின் இன்னொரு வடிவம்தான்: 1969இல் இரு நாடுகளின் எல்லையிலுள்ள உசூரி ஆற்றங்கரையில் சீனப் படையும் சோவியத் படையும் சுட்டுக்கொண்டன, 1979இல் சீனா வியட்நாமுக்குள் புகுந்தது.

இரு வல்லரசுகளின் அணிகளிலும் சேராதிருந்த இந்தியா போன்ற நாடுகளின் அணிசேராமை என்பது எதிலும் தலையிடாமல் ஒதுங்கியிருந்த நிலை அன்று. 1962இல் சீனாவுடன் போர் மூண்டபோது அமெரிக்காவிடம் ஆயுத உதவி கேட்ட இந்தியா, 1971 ஆகஸ்டில் சோவியத் ஒன்றியத்துடன் நட்புறவு ஒப்பந்தம் செய்துகொண்டது. நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையம் சோவியத் உதவியாலும், சென்னை ஐ.ஐ.டி. மேற்கு ஜெர்மனியின் உதவியாலும் எழுந்தவை. இரு அணிகளின் போட்டியைத் தன் வளர்ச்சிக்குப் பயன்படுத்திக்கொண்ட இந்தத் திறமையைச் சந்தர்ப்பவாதம் என்று ஒதுக்குவோருடன் என்னால் உடன்பட முடியவில்லை.

1991 டிசம்பரில் சோவியத் ஒன்றியம் கலைந்ததோடு எல்லாம் முடிந்துவிட்டது என்று கருதவும் கூடாது. அங்கோலாவில் சவிம்பி கொல்லப்பட்ட 2002 வரை போர் ஓயவில்லை. கொரியாவில் 1953இல் கையெழுத்தானது போர்நிறுத்த உடன்பாடு மட்டுமே. அமைதி ஒப்பந்தம் இன்றுவரை ஏற்படவில்லை.

இன்றைய அமெரிக்க–சீனப் போட்டியை அப்படியே இரண்டாம் பனிப்போர் என்று அழைப்பதிலும் கவனம் தேவை. அன்று வாஷிங்டனுக்கும் மாஸ்கோவுக்கும் இடையே வணிகம் மிகச் சொற்பம். 2022இல் அமெரிக்காவுக்கும் சீனாவுக்கும் இடையிலான சரக்கு வணிகமோ 65,000 கோடி டாலரைத் தாண்டியது. பழைய போட்டியில் ஏவுகணைகளின் எண்ணிக்கையே பெரிதாகப் பேசப்பட்டது. இந்தப் போட்டியிலோ சுங்க வரியும் சிப் ஏற்றுமதித் தடையும் அரிய கனிமங்களும் அதே அளவுக்கு ஆயுதங்களாகியிருக்கின்றன.