லயனைச் சூழ்ந்த அபாயங்களைத் தனித்தனியாகப் பிரித்து மதிப்பிடுதல்

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் தொழிலாளர் குடும்பங்கள் வாழும் வரிசை வீடே லயன். தோட்டத்து அனர்த்தக் குழுவின் அறிக்கையில் "எங்கள் லயனுக்கு மண்சரிவு ஆபத்து அதிகம்" என்று மட்டும் எழுதியிருந்தால், அதை வைத்துக்கொண்டு ஒரு கானை (வடிகாலை)க்கூடத் துப்புரவு செய்ய முடியாது. "மண்சரிவு" என்ற ஒரு சொல்லுக்குள்ளேயே வேறுவேறு காரணமும் வேறுவேறு அறிகுறியும் கொண்ட மூன்று அபாயங்களாவது இருக்கின்றன.

முதலாவது, மலைச்சரிவு முழுவதும் நகர்வது. நிலத்தில் வெடிப்பு, சாயும் மரங்கள், திடீரெனக் கலங்கும் ஊற்று ஆகியவை இதன் அறிகுறிகள். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தாலே விழிப்படைய வேண்டும். இரண்டாவது, லயனின் பின்புறத்தில் செங்குத்தாக வெட்டப்பட்ட மேடு இடிவது. இது அவ்வளவு மழை இல்லாமலும் நேரக்கூடும் என்பதால், மழைமானியை மட்டும் நம்புவது தவறு. மூன்றாவது, மேலிருந்து பாறை உருள்வது.

ஒவ்வொன்றையும் தனி வரியில் எழுதி, எது அதைத் தூண்டும், எந்தக் காம்பரா (லயன் அறை) வரை எட்டும், அந்த நேரத்தில் உள்ளே யார் இருப்பார்கள் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை எழுதவும். கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். 2014 ஒக்டோபர் 29 அன்று பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்கள் புதையுண்டது காலை வேளையில். பாடசாலைக்குச் சென்றிருந்த பிள்ளைகள் பலர் உயிர் தப்பினர். அதே சரிவு நள்ளிரவில் நேர்ந்திருந்தால் கணக்கு வேறாகியிருக்கும்.

நேரும் வாய்ப்புக்கும் நேர்ந்தால் ஏற்படும் சேதத்துக்கும் தனித்தனியே குறைவு, நடுத்தரம், அதிகம் என்று குறியிடவும். இரண்டையும் உடனே ஒன்றாக்கினால், அடிக்கடி நேரும் குளவிக் கொட்டும், எப்போதாவது நேர்ந்து லயனையே கொண்டுபோகும் சரிவும் ஒரே தரத்தில் வந்து நிற்கும். குளவி, கொழுந்து பறிக்கும் மலைக்குரிய பகல்நேர அபாயம். அதை லயன் பட்டியலில் சேர்க்காமல் தனித் தாளில் எழுதுவதே நல்லது.

பிறகு வரிகளுக்கிடையே உள்ள தொடர்பைக் கோடிட்டுக் காட்டவும். அடைபட்ட கானிலிருந்து வழியும் நீர் மேட்டையும் நனைக்கிறது, சரிவுக்குள்ளும் இறங்குகிறது. ஆகவே இரண்டு வரிகளில் வரும் அந்தக் கானே முதலில் கவனிக்க வேண்டிய இடம். இடியும் மேடு வெளியேறும் பாதையை மறிக்குமானால், அதையும் அங்கேயே குறிக்கவும்.

பட்டியலை ஒவ்வொரு பருவமழைக்கு முன்பும் திரும்பப் பார்க்கவும். இடையில் யாராவது குசினியை (சமையலறையை) நீட்டுவதற்காகப் பின்மேட்டைச் செதுக்கினால், அன்றே அந்த வரியைத் திருத்தி எழுதவும்.