செட்டிநாட்டு வீடுகளைச் சுற்றிக் காட்டுபவர்கள் தவிர்க்க வேண்டியவை

கானாடுகாத்தான் தெருக்களில் புதிதாக ஆட்களைக் கூட்டி வந்து வீடு காட்டும் இளைஞர்களை இப்போது நிறையப் பார்க்கிறேன். ஆர்வத்துக்குக் குறைவில்லை. ஆனால் முன்னால் வந்தவர்கள் செய்த அதே தவறுகளைத்தான் இவர்களும் செய்கிறார்கள். தொப்பி, தண்ணீர் பாட்டில் எல்லாம் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மற்றதைச் சொல்கிறேன்.

முகப்போடு திரும்பிவிடுவது

இங்கே வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். முகப்பு, நடு முற்றத்தைச் சுற்றிய வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று நீண்டு, பின்வாசல் பின்தெருவில் திறக்கும். அந்தத் தெருவுக்கும் கூட்டிப் போங்கள். வீட்டின் நீளம் அங்கேதான் புரியும்.

ஊருணியைக் கடைசியில் வைப்பது

தண்ணீர்க்கரையில் நடக்க ஆசைப்பட்டு வருகிறவர்களுக்கு இந்த வறண்ட பூமியில் ஊருணிக்கரைதான் உண்டு. நடையை அங்கேயே தொடங்குங்கள். வளவின் நாலு பக்கக் கூரையும் உள்நோக்கிச் சரிந்திருக்கும். மழைநீர் முற்றத்தில் இறங்கும். வீட்டுக்கு வேண்டியதைப் பிடித்துக்கொள்வார்கள், மிச்சம் தெரு வடிகால் வழியாக ஊருணிக்குப் போகும். கரையில் நின்று இதைச் சொல்லிவிட்டு வளவுக்குள் அழைத்துப் போனால், வந்தவர்கள் தாங்களே கூரையை அண்ணாந்து பார்ப்பார்கள். குடிநீர் ஊருணி என்றால் படியில் செருப்போடு இறங்க விடாதீர்கள்.

காவல்காரர் கையில் காசு கொடுத்துக் கதவைத் திறப்பது

இதைத்தான் இன்றுவரை என்னால் பொறுக்க முடியவில்லை. பூட்டிய வீட்டு வாசலில் நின்று, "அஞ்சே நிமிஷம்ணே, பாத்துட்டு ஓடிர்றோம்" என்று கெஞ்சி, நோட்டை மடித்துக் கையில் வைப்பது.

அந்த வீடு ஒருவருக்குச் சொந்தமில்லை. தாத்தா காலத்து வீட்டுக்குப் பேரன்கள், கொள்ளுப்பேரன்கள் என்று பல பங்காளிகள் இருப்பார்கள். ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில். வளவைச் சுற்றிய அறைகளில் அவரவர் பங்கு அறைக்கு அவரவர் பூட்டு. கல்யாணம், முன்னோருக்குப் படைக்கும் படைப்பு என்றால் எல்லோரும் வந்து சேருவார்கள். காவல்காரர் அத்தனை பேருக்கும் பதில் சொல்ல வேண்டியவர்.

நாங்கள் ஆட்களைக் கூட்டிப் போகும் வழியில் ஒரு வீடு இருந்தது. நிலைக்கதவின் மேல் கஜலட்சுமி, யானைத் துதிக்கையின் மடிப்புகூடத் தேயாமல் இருக்கும். வேறொரு குழு இப்படிக் காசு கொடுத்து உள்ளே போய், ஒரு பெண்ணை அலங்கரித்து ஊஞ்சலில் உட்கார வைத்துப் படமெடுத்து, இணையத்திலும் போட்டுவிட்டது. வெளிநாட்டில் இருந்த பங்காளி ஒருவர் கண்ணில் பட்டது. குடும்பத்துக்குள் சண்டை. காவல்காரருக்கு வேலை போனது. காசு கொடுத்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தக் கதவு இன்றும் யாருக்கும் திறப்பதில்லை. பக்கத்து வீட்டு ஆச்சியும், "இனிமே யாரையும் கூட்டி வராதீக" என்று சொல்லிவிட்டார்.

"யுனெஸ்கோ பட்டியலில் இருக்கே" என்று சிலர் வாதம் செய்கிறார்கள். செட்டிநாட்டு ஊர்கள் 2014 முதல் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இருப்பது உண்மைதான். அதனால் அடுத்தவர் வீட்டுக்குள் நுழைய யாருக்கும் உரிமை வந்துவிடாது.

சரி, எப்படிப் போவது? வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பங்காளி யார் என்று ஊரில் விசாரித்து, முன்கூட்டியே போனில் கேளுங்கள். எத்தனை பேர், எந்தக் கட்டு வரை, படம் எடுக்கலாமா என்று தெளிவாகப் பேசிவிடுங்கள். பணம் கொடுப்பதானால் வீட்டுப் பராமரிப்புக்கு என்று அவருக்கே தெரிய நேராகக் கொடுங்கள். முடியாது என்றால் வற்புறுத்தாதீர்கள். கட்டணம் வாங்கிக் காட்டும் வீடுகளும், தங்கும் விடுதியான வீடுகளும் இருக்கின்றன. முதலில் அவற்றில் பழகுங்கள்.

தரையும் சுவரும்

தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லில் ட்ரைபாடை இழுக்காதீர்கள். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புச் சுவரில் பையைச் சாய்க்காதீர்கள்.

அரண்மனை

கானாடுகாத்தான் அரண்மனைக்கு உள்ளே போகலாம் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

வெயில்

பத்து மணிக்குள் முடித்துவிடுங்கள்.

கடைத்தெருவில் முடிப்பது

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் இருக்கின்றன. எனாமல் கிண்ணமோ தூக்குவாளியோ வாங்கட்டும், தப்பில்லை. தூணுக்கும் நிலைக்கதவுக்கும் விலை பேச நீங்கள் துணை போகாதீர்கள். பர்மா தேக்குத் தூண் தனியாகக் கடைக்கு வருகிறது என்றால், எங்கோ ஒரு வளவைப் பிரித்துவிட்டார்கள் என்று அர்த்தம். வாங்க ஆள் இருக்கிறவரை பிரிப்பதும் நிற்காது.