வெண்ணெய் பிரியாத வாஃபூ பாஸ்தா: என் அனுபவம்

காளான், வெண்ணெய், சோயா சாஸ் சேர்த்து ஜப்பானிய வீடுகளில் செய்யும் வாஃபூ பாஸ்தா எங்கள் இரவு உணவில் அடிக்கடி இடம்பெறும். ஆனால் வெண்ணெய் எண்ணெயாகப் பிரிந்து தட்டின் அடியில் தேங்குவதும், உப்பு தூக்கலாக இருப்பதும் என்னை நெடுநாள் உறுத்தின. சோயா சாஸிலேயே ஏறத்தாழ 16 சதவீதம் உப்பு இருப்பதால், பாஸ்தா வேகும் தண்ணீரில் லிட்டருக்கு 10 கிராம் உப்பு போடுவதை 5 கிராமாகக் குறைத்தேன். காளானை அதிகம் கிளறாமல் ஓரங்கள் பழுப்பேறும்வரை வதக்கியபின், சோயா சாஸை வாணலியின் சூடான விளிம்பில் ஊற்றினால், சுர்ரென்று பொங்கி எழும் அந்த வாசனைக்கு ஈடே இல்லை. பிறகு பாஸ்தாவையும் அது வெந்த தண்ணீரில் ஒரு கரண்டியையும் சேர்த்து, அடுப்பை அணைத்துவிட்டு, குளிர்ந்த வெண்ணெய்த் துண்டுகளைப் போட்டு விடாமல் குலுக்குகிறேன். அந்தத் தண்ணீரிலுள்ள மாவுச்சத்து கொழுப்பைப் பிரியவிடாமல் பிடித்துக்கொள்வதால், சாஸ் பளபளப்பாக ஒவ்வோர் இழையிலும் ஒட்டுகிறது. நோரி எனும் உலர்ந்த கடற்பாசித் தாளைப் பரிமாறும்போதுதான் தூவ வேண்டும். முன்னதாகத் தூவினால் நமத்துவிடும்.