மௌசர் 98-இல் தோட்டா உடைந்தால் வாயு எந்த வழியாகப் போகும்? புதியவர்களுக்கான செய்முறை

மௌசர் 98 (1898-இல் வந்த ஜெர்மன் ராணுவ ரைஃபிள்) மாதிரி ஒரு பழைய ராணுவ ரைஃபிள் கைக்கு வந்ததும் எல்லாரும் முதலில் குழலுக்குள் டார்ச் அடித்துப் பார்ப்பார்கள். துரு இருக்கிறதா, குண்டைச் சுழலவைக்கும் வரிகள் தேய்ந்திருக்கிறதா என்று தேடுவார்கள். அதுவும் வேண்டியதுதான். ஆனால் உங்கள் கண்ணைக் காப்பாற்றுகிற சமாச்சாரம் எல்லாம் போல்ட்டில் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பின்பக்கத்தை மூடும் உருளை) இருக்கிறது. லைசென்ஸ் உள்ள ரைஃபிள், அனுமதி பெற்ற ரேஞ்ச், பக்கத்தில் விவரம் தெரிந்த ஒருவர், இந்த மூன்றும் இருந்தால் மேலே படியுங்கள்.

முதலில் ஆபத்து எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடுவோம். மௌசர் 98-இன் 8×57 ஐ.எஸ். தோட்டாவுக்கு ஐரோப்பாவின் சி.ஐ.பி. தரநிலை அனுமதிக்கும் உச்ச அழுத்தம் 3,900 பார். வீட்டுக் குக்கர் விசில் அடிப்பது ஏறக்குறைய 1 பாரில். அவ்வளவு அழுத்தமுள்ள கொதிவாயுவைப் பின்பக்கம் வரவிடாமல் அடைத்து நிற்பது மெல்லிய பித்தளை உறை ஒன்றுதான். சுட்ட நொடியில் அது விரிந்து, தோட்டா உட்காரும் அறையான சேம்பரின் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரில் ஓட்டை விழுந்தாலோ உறையின் அடிப்பகுதி கிழிந்தாலோ அந்த அடைப்பு போய்விடும். அப்போது வாயுவுக்குப் பின்னால் ஓட இரண்டு பாதைகள் உண்டு: ஃபயரிங் பின் (பிரைமரைக் குத்தும் ஊசி) துளை வழியாகப் போல்ட்டின் உட்குழாய், போல்ட்டின் இடது லக் (போல்ட்டைப் பூட்டும் முட்டு) நகரும் பள்ளம்.

இந்தப் பள்ளம்தான் வில்லங்கம். வலது கைக்காரர் கன்னத்தை வைப்பது கட்டையின் இடது பக்கத்தில். பள்ளமும் அதே பக்கம். கண்ணுக்கு நேர் கோடு.

படி 1: காலி என்று உறுதி செய்யுங்கள்

குழல் பாதுகாப்பான திசையில் இருக்கட்டும். போல்ட்டைத் திறந்து மேகசினைக் காலி செய்யுங்கள். சேம்பருக்குள் கண்ணால் பாருங்கள், சுண்டுவிரலாலும் தொட்டுப் பாருங்கள். தோட்டாக்களை வேறு மேசையில் வையுங்கள்.

படி 2: போல்ட்டை எடுத்து வழியைக் கண்டுபிடியுங்கள்

போல்ட்டை மூடி, ஃபயரிங் பின் பின்னுக்கு இழுபட்டு நிற்கும் (காக் ஆன) நிலையில் பின்னால் உள்ள சேஃப்டியைச் செங்குத்தாக நிறுத்துங்கள். ரிசீவரின் (போல்ட் ஓடும் உலோகக் கூடு) இடது பின்புறம் இருக்கும் போல்ட் ஸ்டாப்பை வெளியே இழுத்துப் பிடித்துக்கொண்டு, போல்ட்டைத் திறந்து பின்னால் இழுத்தால் அது முழுசாக உருவி வந்துவிடும்.

இப்போது அதைத் திருப்பிப் பாருங்கள். முன்பாதியில் நீள்வட்டமாக இரண்டு பெரிய துளைகள் தெரியும். எடையைக் குறைக்கப் போட்டவை என்று சிலர் சொல்வார்கள், நம்பாதீர்கள். ஃபயரிங் பின் துளை வழியாக உள்ளே புகுந்த வாயு போல்ட்டின் பின்முனைவரை போகாமல் பாதியிலேயே வெளியேறத்தான் அவை. அங்கிருந்து இடது பள்ளத்துக்கு வரும். ரிசீவரின் இடது சுவரில், கிளிப்பிலிருந்து (தோட்டாக்களை வரிசையாகப் பிடித்திருக்கும் தகடு) தோட்டாக்களை அமுக்கும்போது கட்டைவிரல் போவதற்காக ஒரு வெட்டு இருக்கிறதே, அதன் வழியாகப் பக்கவாட்டில் போய்விடும். கொஞ்சம் கீழே மேகசினுக்குள்ளும் இறங்கும்.

அதையும் மீறிப் பள்ளத்தில் நேராகப் பின்னால் வரும் வாயுவுக்கும் ஒரு தடுப்பு வைத்திருக்கிறார்கள். போல்ட்டின் பின்முனையில் மாட்டியிருக்கும் ஸ்லீவின் முன்பக்கம் அகன்ற விளிம்பு ஒன்று இருக்கும். போல்ட் மூடியிருக்கும்போது அது பள்ளத்தின் வாயை மறைத்து நின்று, வாயுவை முகத்துக்கு வராமல் ஒதுக்கிவிடும். இது 1898 மாடலின் சிறப்பு. 1893, 1895 மாடல் மௌசர்களில் இந்த விளிம்பு கிடையாது, பின்னால் இருக்கும் மூன்றாவது லக்கும் கிடையாது. சந்தையில் எல்லாவற்றையும் பொதுவாக 'மௌசர்' என்றே விற்பார்கள். பெயரை நம்பி வாங்காமல் விளிம்பைப் பார்த்து வாங்குங்கள்.

(இந்த ரைஃபிளை வடிவமைத்த பால் மௌசர் சோதனையின்போது ஒரு கண்ணை இழந்ததால்தான் இந்தத் துளைகளை வைத்தார் என்று ஒரு கதை சுற்றுகிறது. கண் போனது உண்மை. ஆனால் அது 98 வந்த பிறகு, தானாக மறுதோட்டா ஏற்றும் வேறொரு ரைஃபிளைச் சோதித்தபோது நடந்தது.)

மற்ற நாட்டு ரைஃபிள்களில் வழி வேறு மாதிரி இருக்கும். ஜப்பானின் அரிசாகா டைப் 38-இல் ரிசீவரின் மேலேயே இரண்டு துளைகள். அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்ட் 1903-இல் வலது பக்கம் ஒரு சிறு துளைதான் முதலில் இருந்தது. இடது பக்கத் துளை பிற்பாடு சேர்ந்தது, அதை ஹாட்சர் துளை என்பார்கள். எந்த ரைஃபிளாக இருந்தாலும் துளை எந்தப் பக்கம் திறக்கிறது என்று தெரியாமல் சுடாதீர்கள்.

படி 3: அடைப்பை எடுங்கள்

கிடங்கில் பல வருஷம் கிடந்த ரைஃபிள்களில் காஸ்மோலின் என்ற கெட்டி கிரீஸைப் பூசியிருப்பார்கள். அது காய்ந்து மெழுகு மாதிரி ஆகி, துளைகளையும் போல்ட்டின் உட்புறத்தையும் அடைத்துக்கொள்ளும். ஸ்லீவின் இடது பக்கப் பொத்தானை அமுக்கிக்கொண்டு எதிர்க்கடிகாரத் திசையில் சுழற்றினால் ஃபயரிங் பின் தொகுதி கழன்று வரும். உட்குழாயை மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடையுங்கள். துளைகளின் ஓரத்தை மரப் பல்குச்சியால் சுரண்டுங்கள், ஆணி வேண்டாம். கடைசியில் போல்ட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் இரண்டு துளைகளும் பளிச்சென்று தெரிய வேண்டும். உள்ளே கிரீஸ் மிச்சம் இருந்தால் ஃபயரிங் பின்னும் மந்தமாக அடிக்கும், தோட்டா தாமதமாக வெடிக்கும்.

சேம்பரில் எண்ணெய் இருக்கக் கூடாது. எண்ணெய்ப் பசை இருந்தால் பித்தளை உறை சுவரைப் பிடிக்காமல் வழுக்கும், மொத்த உதையும் போல்ட் மேல் விழும். ஃபயரிங் பின்னின் முனை உருண்டையாக, வழவழப்பாக இருக்க வேண்டும். கூராகவோ சிதைந்தோ இருந்தால் பிரைமரைக் குத்திக் கிழித்துவிடும். ஹெட்ஸ்பேஸை (போல்ட் மூடியபின் தோட்டா உட்காரக் கிடைக்கும் இடத்தின் நீளம்) துப்பாக்கி மெக்கானிக் கேஜ் வைத்துத்தான் பார்க்க வேண்டும், கண்ணளவு இதில் உதவாது.

படி 4: சரியான தோட்டா

8×57-இல் பழைய வகை தோட்டாவின் குண்டு ஏறக்குறைய 8.1 மி.மீ., பிற்பாடு வந்த 'எஸ்' வகை (மேலே சொன்ன ஐ.எஸ்.) 8.2 மி.மீ. வித்தியாசம் தம்மாத்துண்டுதான். ஆனாலும் பழைய அளவுக் குழலில் 'எஸ்' தோட்டாவைப் போட்டால் அழுத்தம் எகிறும். குழலை அளந்து பார்த்தபின் வாங்குங்கள்.

படி 5: சுடும்போது

பாலிகார்பனேட் பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் சுடக் கூடாது, இதில் சமரசமே கிடையாது. எவ்வளவு நல்ல துளை இருந்தாலும் வாயுவோடு பித்தளைத் துகளும் பறக்கும். வேடிக்கை பார்க்கிறவரை உங்கள் இடது பக்கம், போல்ட்டுக்கு நேராக நிற்க விடாதீர்கள். வாயுவை நாம் அனுப்பி வைத்திருப்பதே அந்தப் பக்கம்தான்.

விசையை இழுத்தும் வெடிக்கவில்லையா? குழலைக் குறியின் பக்கமே பிடித்துக்கொண்டு 30 நொடியாவது காத்திருங்கள், பிறகு போல்ட்டைத் திறங்கள். சத்தம் வழக்கத்தைவிட மெலிதாகக் கேட்டால் குண்டு குழலிலேயே நின்றிருக்கலாம். அடுத்ததைச் சுட்டுவிடாதீர்கள். போல்ட்டை எடுத்துவிட்டுக் குழலுக்குள் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள்.

முகத்தில் சூடான காற்று பட்டாலோ மேகசின் பக்கம் புகை வந்தாலோ அன்றைக்குச் சுடுவதை நிறுத்துங்கள். உறையை எடுத்து அடிப்பகுதியைப் பாருங்கள். பிரைமரின் நடுவில் ஊசித்துளையும் அதைச் சுற்றிக் கருப்பும் இருந்தால் ஃபயரிங் பின்னின் முனை அல்லது அழுத்தம், இரண்டில் ஒன்றில் கோளாறு. உறையின் அடிக்குச் சற்று மேலே சுற்றுவாக்கில் பளபளப்பான கோடோ விரிசலோ இருந்தால் ஹெட்ஸ்பேஸைச் சந்தேகப்படுங்கள். அந்த உறையைத் தூக்கி எறியாமல், அதே பெட்டியில் மிச்சமுள்ள தோட்டாக்களோடு மெக்கானிக்கிடம் கொடுங்கள். ரைஃபிளைப் பார்ப்பதற்கு முன் அவர் கேட்கப்போவது அதைத்தான்.